ஒரே இன்ஜின்... நாற்பத்தேழு வருஷம்!

(இரண்டாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன் எழுதியது)



நம் மாணவர் பேரவை ஆண்டு மலரில் வருஷா வருஷம் ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கை வரலாறு வந்துவிடும். எடிசன் வந்திருக்கிறார், விஸ்வேஸ்வரய்யா வந்திருக்கிறார், நம்ம ஜி.டி.நாயுடு வந்திருக்கிறார். எல்லோரும் கும்பிடத் தக்கவர்கள்தான். ஆனால் ஆட்டோமொபைல் பிரிவுக்காரனான எனக்கு ரொம்ப நாளாக ஒரு குறை. புதுசாக ஒன்றைக் கண்டுபிடித்தவர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால், பழசைப் பிரித்துத் தேய்ந்தது எது, தேயாதது எது என்று பார்த்து மறுபடி பூட்டியவனைப் பற்றி யார் எழுதுவது? நம்மில் முக்கால்வாசிப் பேர் படிப்பு முடித்துச் செய்யப்போவது அந்த வேலைதானே! அதனால் இந்த வருஷம் நான் எடுத்துக்கொண்டது பர்ட் மன்றோ என்ற நியூசிலாந்துக்காரரை.

முதலில் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறேன். இவரைப் பற்றி 2005-ல் ஒரு சினிமா வந்தது. பெயர் 'தி வேர்ல்ட்ஸ் ஃபாஸ்ட்டஸ்ட் இந்தியன்'. அந்தோணி ஹாப்கின்ஸ் நடித்தது. பெயரைக் கேட்டதும் ஹாஸ்டலில் நாலு பேர் இவர் நம்ம நாட்டுக்காரரா என்று கேட்டார்கள். இல்லை சாமி! 'இந்தியன்' என்பது அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்ப்ரிங்ஃபீல்டு என்ற ஊரில் இருந்த ஒரு மோட்டார் சைக்கிள் கம்பெனியின் பெயர். அந்தக் கம்பெனி 1920-ல் செய்த 'ஸ்கௌட்' என்ற வண்டியைத்தான் மன்றோ வாங்கினார். மணிக்கு சுமார் 88 கி.மீ. போகிற வண்டி. அதே வண்டியை, அதே இன்ஜினைத் திரும்பத் திரும்பப் பிரித்துப் பூட்டி 1967-ல் மணிக்கு 296 கி.மீ. ஓட்டினார். அப்போது வண்டிக்கு வயசு 47, ஓட்டியவருக்கு 68.

அவர் பிறந்தது 1899 மார்ச் 25. நியூசிலாந்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஒரு ஊர். அதற்குப் பக்கத்தில் எடன்டேல் என்ற இடத்தில் ஒரு விவசாயக் குடும்பம். இரட்டைப் பிள்ளையாகப் பிறந்தவர். கூடப் பிறந்த சகோதரி பிறக்கும்போதே இறந்துவிட்டாள். இந்தப் பிள்ளையும் இரண்டு வயசைத் தாண்டாது என்று டாக்டர்கள் பெற்றோரிடம் சொல்லிவிட்டார்களாம். டாக்டர்கள் வைத்த கெடுவைத் தாண்டி எழுபத்தெட்டு வயசு வரை இருந்தார், அது வேறு விஷயம்.

நம்ம ஊர் அப்பாக்களைப் போலவே அவருடைய அப்பாவுக்கும் பையன் மனசு பண்ணையை விட்டு வேறெங்கும் போவது பிடிக்கவில்லை. பையனோ வீட்டில் இருந்ததிலேயே வேகமான குதிரையை எடுத்துக்கொண்டு பறப்பான். முதல் உலகப்போர் முடியும்வரை பண்ணையிலேயே இருந்தார். அப்புறம் அப்பா நிலத்தை விற்றதும் ஒட்டிரா மலைச் சுரங்கப்பாதை வேலைக்குப் போனார். அப்பா வேறு நிலம் வாங்கிக் கூப்பிட்டதும் திரும்பி வந்தார். 1920-ல், இருபத்தோராம் வயசில், ஸ்கௌட் வண்டியை வாங்கினார். இன்ஜின் நம்பர் 50ஆர்627. ஒரு மனிதனின் வாழ்க்கை வரலாற்றில் இன்ஜின் நம்பர் எதற்கு என்று சிரிக்காதீர்கள். இவர் விஷயத்தில் ஜாதகமே அதுதான்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். ஸ்கௌட்டை வடிவமைத்தவர் சார்லஸ் ஃப்ராங்க்ளின் என்ற அயர்லாந்துக்காரர். அவரே ஒரு பந்தய வீரர். 1911-ல் மான் தீவில் நடந்த டி.டி. பந்தயத்தில் இந்தியன் வண்டிகள் முதல் மூன்று இடத்தையும் பிடித்தபோது இரண்டாவதாக வந்தவர் அவர்தான். ஸ்கௌட்டில் இரண்டு சிலிண்டர், 'வி' வடிவத்தில் 42 டிகிரி கோணத்தில் நிற்கும். சைடு வால்வு. சுமார் 600 சி.சி. போர் இரண்டே முக்கால் அங்குலம், அதாவது 69.85 மி.மீ. இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குச் சக்தி போவது செயினால் அல்ல, சாய்வுப் பல் கியரால். அந்தக் காலத்துக்கு அது உறுதியான வண்டி என்று பெயர் எடுத்தது. அந்த உறுதிதான் மன்றோவுக்குக் கிடைத்த முதலீடு. அஸ்திவாரம் நன்றாக இருந்தால்தான் மேல்மாடி கட்ட முடியும்.

1926-ல் அந்த வண்டியில் கை வைக்க ஆரம்பித்தார். நடுவில் கொஞ்ச காலம் ஸ்பீட்வே பந்தய வீரராகவும் இருந்தார். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் எல்லோரையும் போல அவரும் பண்ணைக்குத் திரும்பினார். பிறகு மோட்டார் சைக்கிள் விற்பனையாளராகவும் மெக்கானிக்காகவும் வேலை. பகலில் கடை, ராத்திரியில் ஸ்கௌட். இன்வர்கார்கிலுக்குப் பக்கத்தில் ஒரெட்டி என்று நீளமான கடற்கரை இருக்கிறது. இறுகிய மணல். அதுதான் அவருடைய சோதனைச்சாலை. 1940-ல் நியூசிலாந்தின் திறந்த சாலைச் சாதனை, மணிக்கு 194 கி.மீ. 1957-ல் கடற்கரைச் சாதனை, மணிக்கு 211 கி.மீ. இரண்டுக்கும் நடுவில் பதினேழு வருஷம் போயிருக்கிறது, வேகம் 17 கி.மீ. கூடியிருக்கிறது. கணக்குப் போட்டால் வருஷத்துக்கு ஒரு கி.மீ.! இந்தப் பொறுமையை நினைத்தால்தான் எனக்கு மலைப்பாக இருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பழைய இன்ஜினைப் பிரித்து மேஜை மேல் பரப்பியாச்சு. எது தேய்ந்திருக்கிறது, எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? கடையில் விற்கிற அளவுக் கருவிகளை வாங்க மன்றோவிடம் காசு கிடையாது. அவருடைய மைக்ரோமீட்டர் ஒரு பழைய ஸ்போக்ஸ் கம்பி. ஆமாம், சக்கரத்தில் இருக்குமே, அதேதான்!

இதைப் படித்தபோது எல்லோரையும் போல நானும் கதை விடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். ஆனால் நம் அளவியல் பாடத்திலேயே இதற்கு வழி இருக்கிறது. ஒரு கம்பியை சிலிண்டர் விட்டத்தைவிட ஒரு மயிரிழை குறைவாக வெட்டி, இரண்டு முனையையும் உருண்டையாக அராவிக்கொள்ள வேண்டும். ஒரு முனையை சிலிண்டர் சுவரில் ஒரே புள்ளியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கம்பியைக் கிடைமட்டமாக வைத்து மறு முனையை இடமும் வலமும் ஆட்டினால், அது சுவரில் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடம்வரை போய் முட்டும். அந்த ஆட்டத்தின் அகலத்தை ஸ்கேலில் அளந்து, வர்க்கப்படுத்தி, கம்பி நீளத்தின் எட்டு மடங்கால் வகுத்தால், கம்பியைவிட விட்டம் எவ்வளவு அதிகம் என்று வந்துவிடும். உதாரணத்துக்கு 70 மி.மீ. கம்பி 5 மி.மீ. ஆடினால், 25-ஐ 560-ஆல் வகுக்க, 0.045 மி.மீ. கண்ணுக்குத் தெரியாத 0.045-ஐ, கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற 5 மி.மீ. ஆக்கிக் காட்டுகிறது ஒரு துண்டுக் கம்பி! நூறு மடங்குக்கு மேல் பெருக்கம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு சந்தர்ப்பமும் கிடைத்தது. என் பெரியப்பா ஒரு டூ வீலர் மெக்கானிக். எழுத்துக்கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியது நான்தான் முதல். அவருடைய கடைக்கு ஒரு பழைய புல்லட் 350 வந்தது. புகை அடிக்கிறது, ஆயில் குடிக்கிறது, ஏற்றத்தில் இழுக்கவில்லை. புல்லட்டின் போர் 70 மி.மீ. மன்றோவின் ஸ்கௌட் 69.85 மி.மீ. கிட்டத்தட்ட ஒரே அளவு என்பதைக் கவனித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எழுத்தில் சொல்ல முடியாது.

பெரியப்பா ஹெட்டைக் கழற்றி, பிளாக்கை உருவி, விரலை உள்ளே விட்டு ஒரு சுற்றுத் தடவினார். மேல் விளிம்புக்குக் கீழே நகம் ஒரு திட்டில் தட்டியது. ரிங் போய்வராத இடம் தேயாமல் அப்படியே நிற்கும், ரிங் போய்வருகிற இடம் குழிந்திருக்கும், நடுவில் அந்தத் திட்டு. அரை எம்.எம். ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் போதும் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். விரல்தான் அவருக்குக் கேஜ்.

நான் ஒரு ஸ்போக்ஸை 70 மி.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக அராவி ஆட்டிப் பார்த்தேன். சிலிண்டரின் அடியில், ரிங் எட்டாத இடத்தில் 4 மி.மீ. ஆட்டம். மேலே, முன்பின் திசையில் 14 மி.மீ. அதே உயரத்தில் பக்கவாட்டுத் திசையில் 11 மி.மீ. கணக்குப் போட்டால் மேலே முன்பின் தேய்மானம் சுமார் 0.32, பக்கவாட்டில் 0.19. அதாவது சிலிண்டர் வட்டமாக இல்லை, 0.13 மி.மீ. முட்டையாகிவிட்டது. ஏன் இப்படி? வெடிப்பு அழுத்தம் அதிகமாக இருப்பது பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது. சூடும் அங்கேதான், ஆயில் படலம் மெலிந்திருப்பதும் அங்கேதான். அதனால் மேலே தேயும், கீழே தேயாது. அதோடு கனெக்டிங் ராடு சாய்வாகத் தள்ளுவதால் பிஸ்டன் சுவரில் சாய்வது முன்பின் திசையில். அதனால் முன்பின் அதிகம் தேயும். பாடப்புத்தகத்தில் நாலு மார்க் கேள்வியாகப் படித்தது ஒரு துருப்பிடித்த கம்பியின் முனையில் ஆடிக்கொண்டிருந்தது!

அடுத்த நாள் பிளாக்கைச் சாக்கில் கட்டி பஸ்ஸில் தூக்கி வந்து, நம் வொர்க்‌ஷாப் போர் டயல் கேஜில் வைத்துப் பார்த்தேன். 0.31 காட்டியது. பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன். அரை எம்.எம்.முக்குள் அடங்குகிறது, அவர் விரல் சொன்னது சரி என்று. அதைத்தானே நேற்றே சொன்னேன், இதற்கா அப்பன் கடன் வாங்கிப் படிக்க வைக்கிறான் என்று கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் ராத்திரி கடை சாத்தும்போது அந்தக் கம்பியைக் கேட்டு வாங்கி, டூல்ஸ் பெட்டியில் போட்டுக்கொண்டார். முட்டையாகிவிட்டது என்பதை விரல் சொல்லவில்லை பாருங்கள்!

ராடு விஷயத்தில் மட்டும் பெரியப்பா விரலை நம்பவில்லை, இரண்டு கையையும் நம்பினார். கிராங்க்கை உச்சியில் நிறுத்தி, ராடைப் பிடித்து நேர் மேலே இழுத்து, கீழே அழுத்தினார். பக்கவாட்டில் கொஞ்சம் நகர்வது தவறில்லை. மேலும் கீழும் ஒரு 'டக்' கூட வரக்கூடாது. வந்தால் பெரிய முனை பேரிங் போச்சு. வரவில்லை. அதனால் கிராங்க்கைப் பிரிக்கவே இல்லை, வண்டிக்காரருக்குச் செலவு பாதியானது. எதைத் தொடவேண்டாம் என்று தெரிவதும் திட்டத்தில் சேர்த்திதான்.

மன்றோவுக்கு வருவோம். அவருடைய கஷ்டம் வேறு மாதிரி. நமக்குப் புல்லட் பிஸ்டன் எந்தக் கடையிலும் கிடைக்கும். இன்வர்கார்கிலில், கம்பெனி விட்ட வேகத்தைப்போல மூன்று மடங்கு போகிற ஸ்கௌட்டுக்கு யார் பிஸ்டன் செய்து விற்பார்கள்? அந்தக் கம்பெனியே 1953-ல் வண்டி செய்வதை நிறுத்திவிட்டது. ஆகவே எல்லாம் சொந்தத் தயாரிப்பு. பழைய பிஸ்டன்களை உருக்கி, தகர டப்பாக்களைக்கூட அச்சாக வைத்துப் புது பிஸ்டன் வார்த்தார். சிலிண்டருக்குப் பழைய வார்ப்பிரும்புக் குழாய். இது கஞ்சத்தனமாகத் தெரியலாம். ஆனால் யோசித்துப் பாருங்கள். வார்ப்பிரும்பில் கிராஃபைட் செதில் செதிலாகக் கலந்திருக்கிறது, அது ஆயிலைப் பிடித்து வைக்கும், உராய்வைத் தாங்கும். சிலிண்டருக்கு அதைவிடப் பொருத்தமான உலோகத்தை அவர் காசு கொடுத்தும் வாங்கியிருக்க முடியாது. கனெக்டிங் ராடுகளை ஒரு டிராக்டர் அச்சின் எஃகிலிருந்து கையால் செதுக்கி, பழுக்கக் காய்ச்சிப் பதம் போட்டார். ஃப்ளைவீலும் அவரே செய்தார். சைடு வால்வை எடுத்துவிட்டு ஓவர்ஹெட் வால்வு ஆக்கினார். கேம்கள் இரண்டிலிருந்து நான்காயின.

இங்கே ஒரு நுட்பம். சிலிண்டரைப் பெரிதாக்கினால் மட்டும் போதாது. 600 சி.சி. என்பது கடைசியில் 950 ஆனது. வெடிப்பு பலமானால் ராடு தாங்கவேண்டும். சுற்று வேகம் இரண்டு மடங்கானால் ராடை இழுக்கிற விசை நான்கு மடங்காகும். ராடைப் பலப்படுத்தினால் கிளட்ச் வழுக்கும். கிளட்சை இறுக்கினால் அடுத்து செயின். கடைசியில் அவருடைய வண்டியில் மூன்று வரிசைச் செயின் ஓடியது. ஒரு சங்கிலியில் பலவீனமான கண்ணியை மாற்றினால், அடுத்த பலவீனமான கண்ணி எது என்று தெரியும். வேறு வழியில் தெரியாது! மன்றோவின் வாழ்க்கையே அந்தக் கண்ணிகளை ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்ததுதான்.

உடைந்ததை என்ன செய்தார்? அங்கேதான் நம்மில் பலரிடமிருந்து வேறுபடுகிறார். நாம் தூக்கிப் பழைய இரும்புக்காரனிடம் கிலோ கணக்கில் போடுவோம். அவர் ஷெட்டில் ஒரு அலமாரி வைத்து அடுக்கினார். உடைந்த ராடு, வெடித்த பிஸ்டன், உருகிய பிஸ்டன் எல்லாம். வேகத்தின் தெய்வத்துக்குக் காணிக்கை என்ற அர்த்தத்தில் அலமாரிக்கு ஒரு பெயரும் எழுதி வைத்திருந்தார். பார்ப்பவர்களுக்கு அது நகைச்சுவை. எனக்கு அது ரெக்கார்டு நோட்டாகத் தெரிகிறது. பிஸ்டனின் தலை ஓட்டையானால் சூடு ஒரு காரணம் சொல்லும், பாவாடை கீறியிருந்தால் இடைவெளி ஒரு காரணம் சொல்லும், ராடு நடுவில் ஒடிந்தால் ஒன்று, முனையில் ஒடிந்தால் வேறொன்று. உடைந்த முகத்தைப் பார்த்தால், பளபளவென்று வழவழப்பாக இருக்கிற பகுதி ரொம்ப நாளாக விரிசல் விட்டிருந்த இடம். சொரசொரப்பாக இருப்பது கடைசி நொடியில் ஒடிந்த இடம். அந்த அலமாரியை வைத்து நமக்கு ஒரு செமஸ்டர் பாடம் நடத்தலாம்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. 1927-ல் பெரில் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டார். நான்கு குழந்தைகள். 1945-ல் கணவனும் மனைவியும் பிரிந்துவிட்டார்கள். 1940-களின் கடைசியில் வேலையையும் விட்டுவிட்டு, ஒரு ஷெட்டிலேயே குடியேறினார். படுக்கையும் அங்கேதான், லேத்தும் அங்கேதான். சினிமாவில் பார்க்கும்போது ரசிக்கும்படியாக இருக்கிறது. எங்கள் அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னபோது, அந்த நாலு பிள்ளைகளுக்குச் சோறு போட்டது யார் என்று முதல் கேள்வியாகக் கேட்டார். நியாயமான கேள்வி. ராத்திரி முழுக்க இன்ஜினோடு இருக்கும் மனுஷன் அந்த ராத்திரிகளை யாரிடமிருந்தோதான் எடுக்கிறான். மன்றோவை நான் கும்பிடுகிறேன். ஆனால் அந்த விஷயத்தில் அவரைப் பின்பற்றச் சொல்லமாட்டேன்.

ஐம்பது வயசுக்கு மேல் அவர் மனசில் விழுந்த ஊர் பானவில். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் உள்ள உப்புச் சமவெளி. ஒரு காலத்தில் பெரிய ஏரியாக இருந்து வற்றியது. கண்ணுக்கெட்டியவரை வெள்ளை வெளேரென்று தட்டையான உப்பு. உலக வேகச் சாதனைகள் நடக்கும் இடம். அங்கே ஒரு பக்கம் ஓட்டினால் மட்டும் சாதனை ஆகாது. காற்று, சரிவு எதுவும் உதவக்கூடாது என்பதற்காகப் போக்கு ஒரு ஓட்டம், வரவு ஒரு ஓட்டம், இரண்டின் சராசரிதான் கணக்கு. மன்றோ மொத்தம் பத்துத் தடவை அங்கே போனார், முதல் தடவை வெறுமனே சுற்றிப் பார்க்க. சினிமாவில் எல்லாவற்றையும் ஒரே பயணமாகச் சுருக்கிவிட்டார்கள், அது சினிமா. இதற்குள் அவருக்கு நெஞ்சுவலி வியாதியும் வந்திருந்தது.

வெறும் இன்ஜின் பலத்தால் அந்த வேகம் வராது என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 88-லிருந்து 296 என்றால் 3.36 மடங்கு. காற்றின் எதிர்ப்பை வெல்லத் தேவையான சக்தி வேகத்தின் முப்படியாகக் கூடும். 3.36-ஐ மூன்று முறை பெருக்கினால் சுமார் 38. அந்தச் சின்ன இன்ஜினை 38 மடங்கு பலமாக்க எந்த மந்திரவாதியாலும் முடியாது. அதனால் வண்டியைச் சுற்றி மீன் மாதிரி ஒரு கூட்டைச் செய்து, அதற்குள் குப்புறப் படுத்து ஓட்டினார். மறுசீரமைப்புத் திட்டம் என்றால் இன்ஜினோடு நின்றுவிடக்கூடாது என்பது இதில் தெரிகிறது.

1962-ல், 63-ம் வயசில், இன்ஜினை 850 சி.சி.யாக வைத்து 883 சி.சி. பிரிவில் மணிக்கு 288 கி.மீ. உலக சாதனை. 1966-ல் ஆயிரம் சி.சி. பிரிவில் 270 கி.மீ. அடுத்த வருஷம் 950 சி.சி. இன்ஜினோடு மறுபடி வந்தார். தகுதி ஓட்டத்தில் ஒரு திசையில் மட்டும் 305 கி.மீ.யைத் தாண்டியது அந்தக் கிழட்டு ஸ்கௌட். இந்த வேகத்தில் வண்டி அலைபாய ஆரம்பித்தால் என்ன ஆகும் என்பதும் அவருக்கு அனுபவம். ஒருமுறை வேகத்தைக் குறைக்க உடம்பை நிமிர்த்தியபோது காற்று கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு போனது, கண் தெரியாமல் வண்டியைச் சாய்த்து விழுந்தார். நினைத்துப் பாருங்கள், கீழே சுழன்றுகொண்டிருப்பது அவர் கையால் அராவிய ராடு. அது ஒடிந்தால் யார் மேலும் பழி போட முடியாது. அவருடைய கையெழுத்து அவருடைய உயிருக்கே உத்தரவாதம்! நாம் நாளைக்கு ஒருத்தருடைய வண்டியைப் பூட்டி அனுப்பும்போது, அந்த உயிர் நம்முடையதாக இருக்காது, இன்னொருத்தருடையதாக இருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

1977-ல் பக்கவாதம் வந்தது. கை முன்னைப்போல் சொன்னபடி கேட்கவில்லை. தன் வண்டிகள் சொந்த மண்ணை விட்டுப் போகக்கூடாது என்று நினைத்தவர், ஸ்கௌட்டையும் இன்னொரு வண்டியான 1936-ம் வருஷத்து வெலோசெட்டையும் இன்வர்கார்கிலில் உள்ள ஹேய்ஸ் என்ற இரும்புச் சாமான் கடைக்காரருக்கே விற்றார். 1978 ஜனவரி 6-ல் காலமானார். ஆணியும் சுத்தியலும் விற்கிற அந்தக் கடைக்குள்ளேயே அவருடைய நினைவுப் பொருட்களைப் பார்வைக்கு வைத்தார்கள். மியூசியத்தைவிடப் பொருத்தமான இடம் என்று எனக்குப் படுகிறது.

1967 சாதனையைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கி. அந்த ஆகஸ்டில் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் பதிவு செய்த வேகம் மணிக்கு 183.586 மைல். அவர் இருக்கும்வரை அதுதான் கணக்கு. 2014-ல் அவருடைய மகன் ஜான் பழைய தாளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஏதோ இடிக்கிறது என்று கவனித்தார். ஒரு பக்க ஓட்டம் 184.710 மைல், மறுபக்க ஓட்டம் 183.463 மைல். என் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நானும் போட்டுப் பார்த்தேன். கூட்டினால் 368.173. இரண்டால் வகுத்தால் 184.0865. சங்கத்துக்கு எழுதினார்கள், சங்கமும் ஒத்துக்கொண்டது. 47 வருஷமாக யாரும் கவனிக்காத அரை மைல் அவர் கணக்கில் சேர்ந்து, சாதனை 184.087 என்று திருத்தி எழுதப்பட்டது.